பிரேக் அக்காவின் பக்கத்து சீட்

பிரேக் அக்காவைத் தன் வண்டியின் முன்சீட்டில் ஏற்றிக்கொள்ள, தெரிந்தவர்கள் யாருக்கும் தைரியம் கிடையாது. உட்கார்ந்த அடுத்த நிமிடமே அவளுடைய வலது கால் வேலையைத் தொடங்கிவிடும். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், டக்கென்று தரையை மிதிக்கும். அங்கே பிரேக்கும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது, வெறும் ரப்பர் விரிப்புதான். ஆனால் அவள் மிதித்த வேகத்தைப் பார்த்து ஓட்டுகிறவர் பதறிப்போய் நிஜப் பிரேக்கை மிதிப்பார். பின்னால் வருகிறவன் தலையை வெளியே நீட்டி அப்பா அம்மாவையெல்லாம் விசாரிப்பான். தங்கச்சி மகன் ஒருமுறை, "பெரியம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க, உங்க காலை மட்டும் டிக்கில வச்சிடலாமா?" என்று கேட்டே விட்டான். தியேட்டரில் படம் பார்க்கும்போது, திரையில் கார் மோதப் போன நேரத்தில், முன்வரிசைக்காரர் முதுகில் ஒரு உதை விழுந்த கதையும் உண்டு.

காலைக் குற்றம் சொல்லவும் முடியாது. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடம் சோறு போட்ட கால் அது. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலப் பக்கத்து சீட்டில் இருக்கும் ஆசிரியருக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிடுகிற நேரத்தில் வண்டியை நிறுத்துவது அந்த இரண்டாவது பிரேக்தான். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவதே என் காலால்தான் என்று அக்கா சொல்லிக்கொள்வாள். அது கொஞ்சம் அதிகம். பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

வகுப்பில் அவளுக்கு ஒரே மந்திரம்தான். மாணவர் கிளட்சைப் படாரென்று விடுவார், வண்டி எகிறிக் குதித்து நடுரோட்டில் நின்றுபோகும், பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "மெதுவா விடுங்க. பின்னாடி யாரும் துரத்தல" என்பாள். அதைக் கேட்டு அழுகையை நிறுத்தியவர்கள் உண்டு. கடைசி வகுப்பில் மட்டும் இன்னொன்றும் சொல்லி அனுப்புவாள்: "பழைய வண்டி வாங்குங்க, வேணாங்கல. ஆனா டிரைவிங் ஸ்கூல்ல ஓடின வண்டியைச் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. பத்து மாமியார் இருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்ட வண்டி அது."

அந்த வாக்கை அவளே ஒருநாள் தராசில் வைக்க வேண்டி வந்தது.

அப்போது அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. முட்டி தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகுட்டி கிடையாது, வீட்டுக்காரர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டில் சக்கரம், கதவுக் கீல், பாத்ரூமில் நோயாளிகள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற எஃகுக் கைப்பிடி எல்லாம் அவர் கைவேலை. அவர் பொருத்திய கைப்பிடியில் யானையைக் கட்டினாலும் சுவர்தான் வரும், கைப்பிடி வராது என்று அங்கே பேச்சு. அந்த மனிதருக்குத் திடீரென்று ஒரு காலையில் இடது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிண்டலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் காலும் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

பிசியோதெரபி செய்கிற பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஆறு மாசம் இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் இங்க வந்து இந்தக் கம்பிக்கு நடுவுல நடக்கணும். இந்த ஆறு மாசத்துல கால் மறுபடி நடக்கக் கத்துக்கணும். விட்டா மறந்துரும். அப்புறம் சக்கர நாற்காலிதான்." ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த இடத்துக்கு முதல் மாதம் டாக்ஸியில் போய்வந்தார்கள். ஒருநாள் டாக்ஸி டிரைவரும் வழியில் போன ஒருவரும் சேர்ந்து, நல்லெண்ணத்தோடுதான், அவரை அக்குளில் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே எடுத்தார்கள். சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடு திரும்பியதும் அவர், "இனிமே நான் போகல" என்றார். ஐந்து வாரமாகப் போகவில்லை. பாத்ரூமில் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று அக்கா சொன்னதற்கும், "அதெல்லாம் நோயாளிங்களுக்கு" என்றுவிட்டார். ஆயிரம் பேருக்குக் கைப்பிடி பொருத்திய மனிதர் அப்படிச் சொன்னதைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, சமையலறைக்குள் போனதும் அழுகையும் வந்தது.

வீட்டில் யார் துணையும் இல்லாமல் அவர் எழுந்திருப்பது ஒரே ஒரு மர நாற்காலியிலிருந்துதான். அக்கா அவருடைய பழைய எஃகு டேப்பை எடுத்து அதை அளந்தாள். தரையிலிருந்து இருபத்தோர் அங்குலம். அந்த உயரத்தில் சீட் உள்ள ஒரு வண்டி சொந்தமாக இருந்தால், அவர் தானே ஏறுவார், தானே இறங்குவார், எவனும் தொட வேண்டாம். டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பழைய கார் விற்கிற இடத்துக்குக் கிளம்பினாள்.

அந்த இடத்து முதலாளிக்கு ஊரார் வைத்த பேர் சத்தியம். வாயைத் திறந்தால் சத்தியம் செய்வான், அதனால். ஒட்டடை படிந்த தகரக் கூரைக்குக் கீழே முப்பது வண்டிகள் மெழுகு போட்டு நின்றன. வருகிறவர்கள் எல்லாரும் பானெட்டைத் தூக்கி, ஒன்றும் புரியாமல், புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அக்கா ஒரு பானெட்டையும் தொடவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, குனிந்து, தரைக்கும் சீட்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தாள்.

"மேடம், ஓட்டுற சீட்டு அந்தப் பக்கம்" என்றான் சத்தியம்.

"தெரியும் தம்பி. இருபத்தாறு வருஷமா தெரியும்."

பதினேழு, பதினெட்டு, பதினேழரை. உயரமான வண்டிகள் இரண்டு இருந்தன, அவை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன, விலையைச் சொல்கிறேன். கடைசியில் மூலையில், சாம்பல் நிறத்தில், உச்சி கொஞ்சம் தூக்கலான ஒரு சின்ன வண்டி. அளந்தாள். இருபது. ஓர் அங்குலம் குறைவு. மீட்டரை எட்டிப் பார்த்தாள். இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். இதைப் பார்த்துத்தான் யாரும் சீந்தாமல் மூலையில் கிடக்கிறது என்று புரிந்தது.

"கிலோமீட்டரைப் பாத்துப் பயப்படாதீங்க மேடம்" என்று சத்தியம் ஓடிவந்தான். "எல்லாம் ஹைவே கிலோமீட்டர். நேர் ரோட்டுல, அஞ்சாவது கியர்ல, வெண்ணெய் மாதிரி ஓடினது. சத்தியமா சொல்றேன். உக்காருங்க, ஒரு ரவுண்டு போலாம்."

அக்கா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சத்தியம் வண்டியைத் தெருவுக்கு எடுத்தான். முதல் வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அக்காவின் கால் வழக்கம்போல் தரையை மிதித்தது. விரிப்புக்கு அடியில் ஏதோ இடறியது. சின்னதாக, உருண்டையாக இரண்டு மேடு. அதே நேரம் அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, முன்னால் போய் எதையோ பிடித்தது. பிடித்த பிறகுதான் எதைப் பிடித்தோம் என்று பார்த்தாள்.

டேஷ்போர்டில் ஓர் எஃகுக் கைப்பிடி. நாலு திருகு. மூன்று வெள்ளை, ஒன்று மட்டும் பித்தளை.

அவளுடைய பழைய ஸ்கூல் வண்டியேதான். சத்தியம் ஏசியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான், ஒன்றும் காதில் ஏறவில்லை. வெள்ளையாக இருந்த வண்டிக்குச் சாம்பல் சாயம் பூசியிருக்கிறார்கள், கூரைமேல் இருந்த பயிற்சிப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், அவளுடைய கிளட்சையும் பிரேக்கையும் பிடுங்கிவிட்டு ஓட்டைக்கு ரப்பர் அடைத்திருக்கிறார்கள். கைப்பிடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பிடுங்கினால் டேஷ்போர்டில் நாலு ஓட்டை பல்லிளிக்கும், அதனால்.

இருபது வருடத்துக்கு முன்னால் இந்த வண்டி ஸ்கூலுக்குப் புதிதாக வந்தபோது அக்காவுக்கு முப்பத்தொன்பது. கல்யாணப் பேச்செல்லாம் வந்து, ஓய்ந்து, சொந்தக்காரர்களுக்கே அலுத்துப்போன வயது. வண்டி வந்த இரண்டாம் வாரம் ஒரு மாணவர் சேர்ந்தார். நாற்பத்துமூன்று வயது, சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், விரல் நகத்தில் கிரீஸ். ஆஸ்பத்திரி ஃபிட்டர். கை வேலையில் மயிரிழை பிசகாத மனிதர், கால்கள் மட்டும் ஒன்றுக்கொன்று எதிரிகள். வலது கால் அழுத்துவது இடது காலுக்குத் தெரியாது. எல்லாருக்கும் பன்னிரண்டு வகுப்பு. அவருக்கு நாற்பத்தொன்று ஆனது.

அவர் ஓட்டிய நாட்களில் அக்கா டேஷ்போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒன்பதாவது வகுப்பில் வண்டி போட்ட குதியில் அவள் நகம் முறிந்து ரத்தம் வந்துவிட்டது. மறுநாள் அவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்தார், கையில் கருவிப் பை. அக்கா போய்ச் சேரும்போது அவர் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்திருந்தார், வெளியே இரண்டு செருப்புக் கால் மட்டும் தெரிந்தது.

"என்ன பண்றீங்க?"

"டீச்சர், இது ஆஸ்பத்திரி பாத்ரூம்ல போடுற கைப்பிடி. மிச்சம் கெடந்துச்சு. பின்னாடி இரும்புத் தகடு குடுத்துருக்கேன். நூத்தம்பது கிலோ ஆளு தொங்கினாலும் அசையாது."

"நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

மனிதர் முகம் வெளிறிப்போனது. திருகு ஒன்று கைநழுவி டேஷ்போர்டுக்குள் விழுந்து எங்கோ போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பையைத் துழாவி, கிடைத்த ஒரு பித்தளைத் திருகைப் போட்டு முடுக்கினார். ஸ்கூல் முதலாளி புது வண்டியில் ஓட்டை போட்டுவிட்டான் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அக்கா அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். வாழ்க்கையில் அவளுக்கு வளையல் வாங்கித் தர வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று யோசித்தவர் இவர் ஒருவர்தான். அன்றே அவள் மனம் விழுந்துவிட்டது, வெளியில் சொல்லவில்லை.

நாலாவது தேர்வில் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. காண்பிக்க வந்தவர் போகாமல் நின்றார்.

"டீச்சர், லைசென்ஸ் வந்துருச்சு. ஆனா தனியா ஓட்டப் பயமா இருக்கு. பக்கத்துல ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க சொல்ற வரைக்கும்."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒருநாள்கூடக் கார் ஓட்டவில்லை. லைசென்ஸ் பீரோவில் சேலை மடிப்புக்குள் பத்திரமாக இருந்தது. வீட்டில் ஒரு ஸ்கூட்டர், அது போதுமாக இருந்தது. ஆனால் வண்டியின் மீட்டர் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்தைத் தாண்டிய வாரம், ஒன்பதெல்லாம் ஒரே நேரத்தில் முட்டையாக மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பின்சீட்டில் அவர், முன்னால் அக்கா, ஸ்டியரிங்கில் ஒரு பல் டாக்டர். பாவம், அந்த டாக்டருக்கு விஷயம் தெரியாது. மைதானத்தைச் சுற்றச் சொன்னார்கள், மறுபடி சுற்றச் சொன்னார்கள், ஆறு சுற்று. ரிவர்ஸ் சரியாகப் போடாததற்குத் தண்டனை என்று நினைத்து அவர் வியர்த்துக்கொண்டே சுற்றினார். எண் மாறியதும் பின்னாலிருந்து ஒரு கைதட்டல். பயத்தில் டாக்டர் கிளட்சை விட்டுவிட்டார், வண்டி எகிறி நின்றது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் மூடுபனி போட்டது. அப்படிச் சிரித்து எத்தனை காலமாகிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"என்ன மேடம், பேச்சே காணோம்? புடிச்சிருச்சா?" சத்தியம் வண்டியை யார்டுக்குள் திருப்பி நிறுத்தினான். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு வந்தபோது அது ஒரு முனகல் முனகியது. அதுவும் அவளுக்குத் தெரிந்த முனகல்தான்.

"யாரு வச்சிருந்த வண்டி இது?"

"ஒரே ஒரு அம்மா, மேடம். வயசானவங்க. அவங்க ஒருத்தர்தான் ஓட்டினது. வேற யாரையும் தொடவே விட மாட்டாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா அந்த அம்மாவை?"

"பாக்காம? சத்தியமா பாத்திருக்கேன். தங்கமான மனுஷி."

"பாக்க எப்படி இருப்பாங்க?"

சத்தியம் ஒரு நொடி திணறி, அவளையே மேலும் கீழும் பார்த்து, "ஏறக்குறைய உங்கள மாதிரிதான் மேடம், லட்சணமா" என்றான்.

அக்கா குனிந்து விரிப்பைத் தூக்கினாள். "இந்த ரப்பர் எதுக்கு?"

"அது... ஏசி தண்ணி வெளிய போறதுக்கு."

"தம்பி, அந்த அம்மா நான்தான். ஒருத்தர் ஓட்டின வண்டியில்ல இது, ரெண்டாயிரம் பேர் ஓட்டினது. ஹைவேயாம் ஹைவே! மூணு தெரு, ஒரு மைதானம். முக்காவாசி முதல் கியர். மிச்சம் ரெண்டாவது கியர்."

சத்தியம் அவளுடைய வலது காலைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பிரேக் அக்காவா?" என்றான். "என் சம்சாரம் உங்ககிட்டதான் கத்துக்கிட்டா. இன்னிக்கும் நான் வண்டி எடுத்தா, பக்கத்துல உக்காந்துகிட்டு 'பின்னாடி யாரும் துரத்தல'ன்னு என் உயிரை எடுக்கறா." விரிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, அந்த வருடத்திலேயே முதல் முறையாக இருக்கலாம், சத்தியம் செய்யாமல் பேசினான். "இதை விடுங்க அக்கா. வேற நல்ல வண்டி வரும்போது நானே சொல்லி அனுப்பறேன். ஸ்கூல் வண்டியைச் சும்மா குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு நீங்களே சொல்வீங்களாமே."

சொன்னவள்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பழைய நினைப்புக்காக வண்டி வாங்குகிறவளை அவளே முட்டாள் என்றுதான் சொல்லியிருப்பாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கிளட்ச் நடுவழியில் கையை விரித்துவிட்டால்? நட்டநடு ரோட்டில் அவரை இறக்க வேண்டிவரும். யாரோ நாலு பேர் நல்லெண்ணத்தோடு ஓடிவருவார்கள், மறுபடி அக்குளில் கை கொடுப்பார்கள், மறுபடி சட்டை மேலேறும். அதற்கப்புறம் அந்த மனிதர் வீட்டு வாசலைத் தாண்டவே மாட்டார். இன்னொரு வண்டிக்காகக் காத்திருந்தாலோ, ஆறு மாதத்தில் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. சீட்டும் ஓர் அங்குலம் குறைவு. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது சத்தியத்துக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலைல வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாங்க. வாங்கறேன்னு சொல்லல."

வீட்டில் விஷயத்தைப் பாதிதான் சொன்னாள். "ஒரு வண்டி வரும். உக்காந்து மட்டும் பாருங்க."

"எனக்கு எதுக்கு டீச்சர் கார்? நான் எங்க போகப் போறேன்?" கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"உக்காந்து பாருங்கன்னுதான சொன்னேன், உலகத்தைச் சுத்தி வாங்கன்னா சொன்னேன்?"

காலையில் வண்டி வாசலுக்கு வந்து நின்றது. அவர் வாக்கரை ஊன்றி, இரண்டு படியையும் பத்து நிமிடத்தில் இறங்கி, வேண்டாவெறுப்பாக வந்தார். அக்கா கதவைத் திறந்துவிட்டாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலது காலை உள்ளே இழுத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டார். சாயம் மாறியதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்தவர் எதிரே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது கையை நீட்டி, சுட்டுவிரலால் அந்தப் பித்தளைத் திருகைத் தடவினார்.

"இன்னும் ஆடல" என்றார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"உள்ள விழுந்த திருகு இன்னும் உள்ளதான் கெடக்கும். திருப்பத்துல உருளற சத்தம் கேக்குமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

அவர் காலை வெளியே எடுத்து வைத்தார். இறங்க வேண்டும். அக்கா மனசுக்குள் இருபது, இருபது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்து ஓர் எக்கு எக்கினார். பாதி எழுந்து, தொப்பென்று சீட்டில் விழுந்தார். அக்கா ஓடிப்போய்க் கையை நீட்டினாள், சத்தியமும் அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டான்.

"தொடாதீங்க ரெண்டு பேரும்" என்றார்.

வலது கையைக் கைப்பிடியில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ஆயிரம் நோயாளிகளுக்கு எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். மூச்சை இழுத்தார். நெற்றி நரம்பு புடைத்தது, கை நடுங்கியது, கைப்பிடி நடுங்கவில்லை. எழுந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, நேராக, தெருவில் நின்றார். சட்டை கசங்கியிருந்தது, மேலே ஏறவில்லை. அவரே அதை ஒருமுறை கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுத குரலிலேயே வாத்தியார் வேலையைத் தொடங்கினாள். "இப்பவே சொல்லிடறேன். இது நல்ல வண்டியில்ல. கிளட்சை எடுத்த உடனே மாத்தணும். ரெண்டாவது கியர் முனகும். மாத்தினாக்கூட ஒரு வருஷம் ஓடினா பெரிசு."

"நமக்கு எவ்வளவு நாளைக்கு வேணும்?"

"நாலு மாசம்."

"அப்ப எட்டு மாசம் லாபம்" என்றார் அவர். பிறகு, "இன்னிக்கு என்ன கிழமை? அந்தப் பொண்ணு இருக்குமா அங்க?" என்று கேட்டார்.

"பதினோரு மணிக்கு இருப்பா."

அவர் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தானே உள்ளே உட்கார்ந்தார். அக்கா வாக்கரை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். "அக்கா, பேப்பர்ல கையெழுத்து" என்று சத்தியம் ஓடிவந்தான். "வந்து போடறேன். நீங்க உள்ள போய் ஃபேனைப் போட்டு உக்காருங்க" என்று சொல்லிச் சாவியைத் திருகினாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்தாறு வருடம் வண்டியோடு வாழ்ந்தவள், காலையில் ஷெட்டிலிருந்து எடுக்கவும் மாலையில் விடவும் தவிர, இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஆறு வருடமாக அதுவும் இல்லை. பக்கத்தில் அவளைக் காப்பாற்ற ஒரு பிரேக்கும் கிடையாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். தெருமுனை வரை எப்படியோ போய்விட்டாள். மெயின் ரோட்டில் திரும்பும்போது குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தது. அவள் தடுமாறி, கிளட்சைப் படாரென்று விட்டாள். வண்டி எகிறிக் குதித்து, ரோட்டின் குறுக்கே நின்றுபோனது. உள்ளே எங்கோ ஒரு திருகு உருண்டது.

பக்கத்தில் தொம்மென்று ஒரு சத்தம். அவருடைய வலது கால், அவளுடைய பழைய பிரேக் இருந்த இடத்தை ஓங்கி மிதித்திருந்தது. வலது கை கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஊரே சேர்ந்து கத்துவதுபோல் இருந்தது. அக்கா கிளட்சை மறுபடி மிதித்துச் சாவியைத் திருகினாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மெதுவா விடுங்க டீச்சர்" என்றார். "பின்னாடி யாரும் துரத்தல."